என் பங்கு நாற்பது கிலோ

ஒரு டின் பீட்ரூட் எவ்வளவு எடை இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அது வேண்டாத விஷயம். கடையில் வாங்கினோமா, அலமாரியில் வைத்தோமா, பர்கருக்குள் இரண்டு வட்டம் செருகினோமா என்று போய்க்கொண்டே இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. டின்னோ, மாவுப் பையோ, துவாலையோ, கையில் எடுத்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவேன். மூன்று வருஷமாக எனக்கு அதுதான் பிழைப்பு.

தேநீருக்கு நன்றி, கண்ணு. பால் கொஞ்சம் அதிகம், பரவாயில்லை. இல்லை, பல் இப்போது வலிக்கவில்லை. வக்கீல் வேண்டாம் என்று நானேதான் சொன்னேன், அதையும் அந்த ஒலிப்பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் ராபின் எங்கள் ஊர் பாலரட்டிலிருந்து கிளம்பி விமானம் ஏறிவிட்டாள் என்று சொன்னீர்கள். அவள் வந்து சேர்வதற்குள் முடித்துவிடலாம்.

நீங்கள் முதலில் கேட்டது கல்லைப் பற்றி. குளியலறை அலமாரியில் அத்தனை கல் எதற்கு என்று. நேராகப் பதில் சொன்னால் உங்களுக்குப் புரியாது. எடையிலிருந்து ஆரம்பித்தால்தான் கல்லுக்கு வர முடியும்.

கேரவன் என்றால் வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துப்போகிற சக்கர வீடு, அது ஒவ்வொன்றிலும் கதவோரம் ஒரு சின்னத் தகடு அடித்திருப்பார்கள். இந்த வண்டி இவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கும். காலி வண்டியின் எடையை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் நமக்கு. தண்ணீர், காஸ், சாப்பாடு, துணி, படுக்கை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இழுக்கிற பிக்கப் வண்டிக்குத் தனியாக ஓர் எல்லை, இரண்டும் சேர்ந்து ஓர் எல்லை. மீறினால் போலீஸ் ஓரம் கட்டும், காப்பீடு கைவிரிக்கும். இதெல்லாம் என் கணவர் நெவில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். நாற்பத்து நான்கு வருஷ தாம்பத்தியத்தில் வேறு எதையும் அவர் எனக்கு இவ்வளவு பொறுமையாக விளக்கியதில்லை.

நெவில் பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமையாசிரியராக இருந்தவர். விதி என்று ஒன்று இருந்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஓய்வு பெற்றதும் பாலரட் வீட்டை விற்றோம். விற்றோம் என்றுதான் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்டது நானும்தான். ஒரு வருஷம் நாட்டைச் சுற்றிவிட்டு வந்து சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. ஒரு வருஷம் இரண்டானது, இரண்டு மூன்றானது. எப்போது திரும்புவது என்று கேட்டால், "அடுத்த குளிர்காலம் பாக்கலாம்" என்பார். இந்த நாட்டில் வடக்கே போனால் குளிர்காலமே கிடையாது, அதுதான் அதில் இருக்கிற சாமர்த்தியம்.

எங்கள் கேரவனில் தண்ணீரையும் காஸையும் கழித்து மிஞ்சிய எடையை நெவில் பங்கு பிரித்தார். பொதுச் சாமானுக்கு இவ்வளவு, கருவிகளுக்கு இவ்வளவு. எனக்கு நாற்பது கிலோ. பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு அலமாரிக் கதவிலும் டேப் ஒட்டி, உள்ளே எவ்வளவு என்று எழுதிவைத்தார். பல தம்பதிகள் இப்படிச் செய்வார்கள், தப்பில்லை. ஆனால் மற்ற வண்டிகளில் எழுதியிருப்பதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. நெவில் பார்ப்பார்.

முதலில் போனது என் தையல் மெஷின். புரோக்கன் ஹில்லில் வண்டி நின்ற அன்று அதைத் தராசில் தொங்கவிட்டார்.

"பதினெட்டு, நோலீன். உன் பங்குல பாதி கிட்ட வருது. மெஷினா, துணிமணியா? நீயே முடிவு பண்ணிக்க. நான் கட்டாயப்படுத்தல."

"கேரவன் பார்க்ல யாருக்காவது கிழிஞ்சது பிரிஞ்சது தைச்சுக் குடுக்கலாம்னு பாத்தேன்."

"ஊர்க் கிழிசலை எல்லாம் நாம ஏன் இழுத்துக்கிட்டுப் போகணும்?"

பழைய சாமான் வாங்கி விற்கும் தர்மக் கடையில் அதை வைத்துவிட்டு வந்தேன். மெஷின் இருந்த முன்பக்கப் பெட்டியில் பீர் வைக்க ஒரு குட்டி ஃபிரிட்ஜ் வந்தது. அது இருபத்திரண்டு கிலோ. எடை சொல்லும் பழக்கம் எனக்கு அன்றுதான் ஆரம்பித்தது.

கேரவன்களை வரிசையாக நிறுத்தித் தங்குகிற பார்க்கில் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எல்லோரும் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்காருவார்கள். பீர், பாலாடைக்கட்டி, பிஸ்கட், ஊர் வம்பு. அந்த வட்டத்தில் நெவில் ராஜா. ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எங்க வீட்டம்மா ரெண்டு கிலோ ஏறிட்டா. அவ பங்குலருந்து கழிச்சிட்டேன்." எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் என் புத்தகங்களில் இரண்டு கிலோவுக்கு அள்ளி, பார்க்கின் சலவை அறை அலமாரியில் அடுக்கிவைத்துவிட்டு வந்தார். ஆள் எடை பிக்கப்பின் கணக்கில்தான் வரும், கேரவன் கணக்கில் வரவே வராது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கழித்தார். அதை நான் இன்றைக்கும் ஆறப்போடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி கல்லுக்கு வருகிறேன்.

முதல் கல்லை கூபர் பீடியில் எடுத்தேன். ஓப்பல் என்கிற மணிக்கல்லுக்காகத் தோண்டிய குப்பை மேட்டில் கிடந்தது, பால் நிறம், ஓரத்தில் துளி நீலம். எனக்கென்று வண்டியில் எதுவும் மிஞ்சவில்லை, இதாவது இருக்கட்டும் என்று எடுத்தேன். கல்லுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். குளியலறை எங்கள் கேரவனின் கடைக்கோடியில், பின்சுவரை ஒட்டி இருந்தது. கைகழுவும் தொட்டிக்குக் கீழே என் அலமாரி. சோப்பு, பினாயில், பெண்கள் சமாச்சாரம் என்று நெவில் அதைத் திறக்க மாட்டார். கதவு டேப்பில் மூன்று கிலோ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

பிறகு ஒவ்வொரு ஊரிலும் ஒன்று. சில ஊரில் இரண்டு மூன்று. ஆலிஸில் சிவப்பு, கேத்தரீனில் ஆற்றுக்கல், உருண்டு வழவழவென்று. முதலில் உள்ளங்கை அளவு எடுத்தேன். போகப் போக ரொட்டி அளவு எடுத்தேன். ஞாபகத்துக்கு எடுக்கிற கல் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்று எனக்கும் தெரியும். அப்போது என் மனசில் இருந்தது இதுதான்: எங்கேயாவது, எப்போதாவது, வண்டியை எடைமேடையில் ஏற்றுவார்கள். எல்லை மீறியிருக்கும். வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். நெவில் விதியை மதிக்கிறவர். விதியே நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். நான் சொன்னால் நிறுத்த மாட்டார்.

மேற்கு மாநில எல்லையில் எங்கள் கேரவனைச் சோதித்தார்கள். உங்கள் ஊர் வழக்கம், உங்களுக்கே தெரியும், பழம், காய்கறி, தேன் எதுவும் உள்ளே வரக் கூடாது. ஒரு பையன் உள்ளே ஏறி அலமாரி அலமாரியாகத் திறந்தான். நெவில் வெளியே டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறை அலமாரியைத் திறந்ததும் பையன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டான். இதோ சொல்லப்போகிறான், இதோ கூப்பிடப்போகிறான் என்று நின்றேன்.

"எல்லா அம்மாக்களும் கல்லு பொறுக்குறீங்கம்மா. மண்ணு ஒட்டாம கழுவிதானே வெச்சிருக்கீங்க?" என்றான்.

"கழுவித்தான் வெச்சிருக்கேன்."

"அப்ப சரி. தேன் பாட்டில் மட்டும் குடுத்துடுங்க."

அரைக் கிலோத் தேனை எடுத்துக்கொண்டு அத்தனை கல்லையும் விட்டுவிட்டுப் போனான். அவன் மேல் குற்றமில்லை, அவன் வேலை தேன்தான். அரைக் கிலோ குறைந்ததில் நெவிலுக்கு ஏக சந்தோஷம். அன்று சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். எனக்குத்தான் போக்கிடம் இல்லாமல் போய்விட்டது. இவ்வளவு பெரிய நாட்டில் என்னை நிறுத்த ஒருவரும் இல்லையா என்று இருந்தது.

ப்ரூமில்தான் மெர்வும் கிளெனிஸும் அறிமுகமானார்கள். மெர்வ் முன்னாள் வங்கி மேலாளர், ஒரு தடவை சொந்தக் கேரவனைக் கவிழ்த்துப் பிழைத்தவர். அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி வருவார். எங்கள் வண்டியையும் அப்படிச் சுற்றி வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெவிலுக்கு எல்லா எடையும் தெரியும், ஒன்றைத் தவிர. பிக்கப்பின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கேரவனின் மூக்கு அதன் மேல்தான் உட்காரும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது அந்தக் குண்டின் மேல் அழுத்த வேண்டும். அழுத்தினால் பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் தாழும். பீர் ஃபிரிட்ஜ் வந்த புதிதில் எங்கள் பிக்கப் அப்படித் தாழ்ந்து நின்றது. நெவிலுக்கு அது கௌரவப் பிரச்சினை. குதிரை குத்தவைத்த மாதிரி இருக்கிறது என்று யாரோ கேலி செய்துவிட்டார்கள். ஸ்பிரிங்குக்கு நடுவே காற்றுப் பை வைத்துத் தூக்கினார். என் கற்கள் பின்னால் சேரச் சேர, மூக்கின் பாரம் குறைந்துகொண்டே வந்தது, பிக்கப்பும் தானாகவே நிமிர்ந்தது. வண்டி மட்டமாக நிற்பதைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். பாரத்தைத் தான் பிரித்த அழகு என்று நினைத்துக்கொண்டார்.

மெர்வ் சொன்னார்: "என்னப்பா நெவில், மூக்கு ரொம்ப லேசா இருக்கும் போலிருக்கே. பின்னாடி பாரம் ஏறிச்சுன்னா கேரவன் இடமும் வலமுமா வாலாட்ட ஆரம்பிச்சுடும்ப்பா. ஆரம்பிச்சா அப்புறம் உன் கையில இல்ல."

"யோவ், வண்டி நிக்கிற அழகைப் பாருய்யா. ரசமட்டம் வேணா வெச்சுப் பாக்குறியா?"

"என் வண்டியும் இப்படித்தான் மட்டமா நின்னுச்சு. கவுந்ததுக்கு முந்தின நாள்."

"உனக்கு ஓட்டத் தெரியல, அதுக்கு வண்டி என்ன பண்ணும்?"

வட்டமே சிரித்தது. மெர்வும் சிரித்துவிட்டு பீரை எடுத்துக்கொண்டார். நான் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டே, "வாலாட்டுனா என்ன பண்ணணும் மெர்வ்?" என்று கேட்டேன். பிரேக்கை மிதிக்கவே கூடாது, கேரவன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க ஒரு பொத்தான் இருக்கும், அதைக் கையால் அழுத்த வேண்டும், கேரவன் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வண்டி நேராகிவிடும் என்று சொன்னார். அந்தப் பொத்தான் எனக்குத் தெரியும். நெவில் அதைத் தன் பக்கம் பொருத்தினால் முட்டியில் இடிக்கிறது என்று நடுப்பலகையில் என் பக்கமாக வைத்திருந்தார். "நான் அழுத்துன்னா அழுத்து, அது போதும்" என்று உத்தரவு. அந்த வண்டியில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அதுதான்.

ப்ரூமில் இன்னொன்றும் நடந்தது. ராபின் ஃபோன் செய்தாள். வீட்டுப் பின்கட்டில் எனக்காக ஓர் அறை போட்டிருப்பதாகச் சொன்னாள். சன்னல் பெரிதாம், கீழே தையல் மெஷின் வைக்க இடம் விட்டிருக்கிறாளாம். நான் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, நெவில் நல்ல மனநிலையில் இருக்கும்போது போய்ச் சொன்னேன்.

"நெவ், நான் ராபின்கிட்ட போயிடுறேன். நீங்க டிங்கரைக் கூட்டிக்கிட்டு நிதானமா சுத்திட்டு வாங்க."

டிங்கர் எங்கள் நாய். பெயருக்குத்தான் எங்கள் நாய், நெவிலின் வால். அவர் இருக்கைக்குப் பின்னால்தான் உட்காரும், அவர் கூப்பிட்டால்தான் சாப்பிடும்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். உதடு முணுமுணுத்தது.

"நீ எவ்வளவு? அறுபத்தெட்டா?"

"அறுபத்தாறு."

"அதோட உன் நாற்பது. நூத்தியாறு. அடேயப்பா." முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இன்னொரு பேட்டரி வைக்கலாம், நோலீன். சோலார் பலகை ரெண்டு போட்டாக்கூட மிச்சம் இருக்கும். எப்பக் கிளம்புறே?"

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று நேற்று உங்கள் மேலதிகாரி கேட்டார். தடுத்தாரா, மிரட்டினாரா, அடித்தாரா என்று கேட்டார். இல்லை. ஒரு விரல் என் மேல் பட்டதில்லை. தடுத்திருந்தால் நான் போயிருப்பேன். எனக்குப் பதிலாக ஒரு பேட்டரி அந்த வண்டியில் ஏறி ஊரெல்லாம் சுற்றும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துவாலையை அடைத்துக்கொண்டு அழுதேன். செத்துவிடலாம் போல் இருந்தது. யாராவது இந்த வண்டியை நிறுத்துங்களேன் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, போகவில்லை என்று சொன்னேன். நெவில் ஒரு நாள் பூராவும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

கேரவனுக்கு அடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டி. ஒன்று சக்கரத்துக்கு முன்னால், ஒன்று சக்கரத்துக்குப் பின்னால். நிரம்பினால் ஒவ்வொன்றும் தொண்ணூறு கிலோவுக்கு மேல். குழாய் பிடித்து நிரப்புவது என் வேலை. நான் பின்தொட்டியை நிரப்பினேன். முன்தொட்டியை நிரப்பவில்லை. "தண்ணி ஃபுல்லா?" என்று கேட்பார். "ஃபுல்" என்பேன். பின்தொட்டி ஃபுல்தான். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

நீங்கள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். என்ன நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. முன்தொட்டி காலி என்றால் மொத்த எடை குறைந்துவிடுகிறது. கல்லையும் சேர்த்தால்கூடத் தகட்டில் எழுதிய எல்லைக்குள்தான் வரும். எந்த எடைமேடையில் ஏற்றியிருந்தாலும் வாழ்த்தி அனுப்பியிருப்பார்கள். அப்படியானால் சோதனையில் பிடிபட வேண்டும் என்று கல் சுமந்தவள் தண்ணீரை ஏன் குறைத்தாள் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். நான் அதை அப்போது அந்தக் கோணத்தில் யோசித்துப் பார்க்கவில்லை.

போர்ட் ஹெட்லண்டைத் தாண்டியதும் முதல் தடவை வாலாட்டியது. எதிரே ரோடு டிரெயின் ஒன்று வந்தது, நான்கு பெட்டி கோத்த லாரி. அது கடக்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளும். கேரவன் இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இன்னும் அதிகமாக இடது பக்கம் போனது. "அழுத்து! அழுத்து!" என்று நெவில் கத்தினார். அழுத்தினேன். பிடித்து இழுத்த மாதிரி நேராகிவிட்டது. அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் இருக்கையிலேயே இருந்தேன். என்ன நடக்கிறது நோலீன், உள்ளே ஏதாவது மாற்றி வைத்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு எதுவுமே இருந்ததில்லை.

"காத்து," என்றார். காற்றுப் பைக்குக் கொஞ்சம் காற்று ஏற்றினார். கிளம்பினோம்.

எக்ஸ்மவுத்துக்கு முன்னால் இரண்டாவது தடவை. அப்போதும் நான்தான் அழுத்தினேன். இரண்டு தடவையும் அந்த மனுஷன் உயிரைக் காப்பாற்றியது என் கை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், கண்ணு. அதை யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

கார்னார்வனில் மறுபடி மெர்வும் கிளெனிஸும் சேர்ந்துகொண்டார்கள். மெர்வுக்குக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் கேரவனை பார்க்கிலேயே விட்டுவிட்டு, காரில் மட்டும் ஜெரால்ட்டன் போய்வருவதாக இருந்தார்கள். நாங்களும் அந்தப் பக்கம்தான் கிளம்பினோம். காலையில் எனக்குப் பல் வலித்தது. கடைவாய்ப் பல். காரில் போனால் மத்தியானமே பல் டாக்டரைப் பிடித்துவிடலாம், கேரவனை இழுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் ஆகிவிடும் என்று நான்தான் சொன்னேன். கிளெனிஸ் உடனே, "எங்களோட வந்துடுடி, எதுக்கு வலியோட அல்லாடுறே?" என்றாள். நல்ல மனுஷி. அவளை இதில் இழுக்க வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் என் வேலையை நான் செய்து முடித்தேன். பின்தொட்டியில் வழிய வழியத் தண்ணீர் பிடித்தேன். முன்தொட்டியில் அடியில் கொஞ்சம் கிடந்தது, அதன் திருகைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு போகன்வில்லா வாடிக்கிடந்தது, அதற்குப் போகட்டும் என்று. எல்லா அலமாரியும் தாழிட்டிருக்கிறதா என்று பார்த்தேன். நெவில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தார். என் பக்க இருக்கை காலி. பொத்தான் அந்தப் பக்கம். இன்றைக்கு யார் அழுத்துவது என்று அவர் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை.

"பல்லைப் புடுங்கிட்டு வா. அதுவும் எடை குறைஞ்ச மாதிரிதான்," என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. தன் நகைச்சுவையை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு போனார்.

நாங்கள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புறப்பட்டோம், கிளெனிஸ் சாண்ட்விச் கட்டிக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலையில் ஏறியதும் பல் வலி நின்றுவிட்டது. முற்பகல் வாக்கில், ஓர் இறக்கத்துக்குக் கீழே, ரோடு டிரெயின் ஒன்று ஓரமாக நிற்பது தெரிந்தது. ஓட்டுநர் தலையில் கைவைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருந்தார். டிங்கர் என் மடியில் எழுந்து நின்று ஊளையிட ஆரம்பித்தது.

ரோடு டிரெயின்காரர் சொன்னதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கடந்ததும் கேரவன் ஆடியது, கண்ணாடியில் பார்த்தார், மூன்றாவது வீச்சில் பிக்கப்பையே சுழற்றி எதிர்ப்பக்கம் கொண்டுபோனது. அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டி வந்த பெண்ணும் போய்விட்டாள், டாலியா என்று பெயராம். ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாளாம், இருபத்தாறு வயது. அவள் அம்மா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். அந்தப் பெண் என் கணக்கிலேயே இல்லை. எதிரே ஆள் வருவார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேரவனின் பின்சுவர் பிளந்துபோயிருந்தது. தார்ச்சாலை முழுக்கக் கல். மெர்வ் நெவிலிடம் ஓடினார். கிளெனிஸ் வெள்ளைக் காரிடம் ஓடினாள். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றும் எனக்கு அடையாளம் தெரிந்தது, இது கேத்தரீன், இது ஆலிஸ், இது ப்ரூம். கூபர் பீடியின் பால் நிறக் கல் நடுக்கோட்டின் மேல் கிடந்தது, கீறல்கூட விழவில்லை. குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். யாரோ தோளைப் பிடித்து நிமிர்த்தி, எதையும் தொடாதீர்கள் அம்மா என்றார். கடைசியில் வண்டி நின்றுவிட்டது என்றுதான் அப்போது என் மனசில் ஓடியது. வேறு ஒன்றும் ஓடவில்லை.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். கல்லை வைத்தது நான். தண்ணீரைத் திறந்துவிட்டது நான். அன்றைக்கு அந்த இருக்கையில் இல்லாமல் போனதும் நான்தான். கையெழுத்துப் போடத் தயார். ஆனால் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது உண்மையில்லை. நான் நிறுத்த நினைத்தேன். இத்தனை வருஷமும் நான் கேட்டது அது ஒன்றைத்தான். அந்தக் காலையில் எனக்குப் பல் வலித்தது, காரில் இடம் இருந்தது, போனேன். இன்று ஏதாவது நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என்ன, டிங்கரா?

ஆமாம், கிளெனிஸ் சொன்னது சரிதான். மூன்று வருஷத்தில் அது ஒரு நாள்கூட நெவிலை விட்டு வேறு வண்டியில் ஏறியதில்லை. அன்றைக்கும் ஏற மாட்டேன் என்றுதான் அடம்பிடித்தது. நான்தான் அதன் தட்டையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு, கையோடு தூக்கி வந்துவிட்டேன். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு கிலோ, கண்ணு. அந்த வண்டியில் பாரம் சரியில்லை என்று எனக்குத்தான் தெரியுமே.